பொருளின்மையா, பிதற்றலா, பொருட்பிறழ்வா? நாடக வசனத்துக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நவீன நாடகத்தில், அர்த்தம் குலைந்ததுபோல் ஒலிப்பதால் 'நான்சென்ஸ்' என்று சொல்லப்படும் வசனமுறைக்குத் தமிழில் என்ன பெயர் என்ற நம் விவாதத்தில் 'பொருளின்மை', 'பிதற்றல்' என இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டுமே அந்த எழுத்தின் இயல்பைத் தவறவிடுகின்றன என்பது என் கருத்து.

1950-இல் பாரிஸில் மேடையேறிய, பிரெஞ்சு நாடகாசிரியர் அயனெஸ்கோவின் 'வழுக்கைத்தலைப் பாடகி' நாடகத்தில், பாபி வாட்சன் என்பவரின் மறைவைப் பற்றி ஸ்மித் தம்பதியர் பேசுகிறார்கள். அவர் இறந்து 2 ஆண்டுகள் ஆகின்றன. அடக்கத்துக்குப் போய்வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஆனால் அந்தச் சாவைப் பற்றிய பேச்சு எழுந்து ஏற்கெனவே 3 ஆண்டுகள் ஆகின்றனவாம். இவற்றுள் எந்த வாக்கியத்திலும் இலக்கண வழு இல்லை. தனித்தனியே எடுத்தால் எந்த வீட்டுக் கூடத்திலும் கேட்கக்கூடியவைதாம். அடுத்தடுத்து வரும்போதுதான் முன்னது சொன்னதைப் பின்னது கவிழ்க்கிறது. 'எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே' என்ற தொல்காப்பிய நூற்பாவை இந்த வசனம் மீறவே இல்லை. எல்லாச் சொல்லும் பொருள் குறித்து நிற்பதால்தான் முரண் நம்மைத் தாக்குகிறது. எனவே 'பொருளின்மை' பொருந்தாது. 'பிதற்றல்' என்பதோ பேசுபவரின் காய்ச்சலையோ மயக்கத்தையோ சுட்டும். ஸ்மித் தம்பதியர் மிக நிதானமாகப் பேசுகிறார்கள்.

எனவே 'பொருட்பிறழ்வு' என்ற சொல்லை முன்மொழிகிறேன். 'மனப்பிறழ்வு' என்னும் வழக்கால் இதில் நோயின் சாயல் ஏறும் என்று சிலர் அஞ்சலாம். ஆனால் நீரில் கயல் பிறழ்வதைப் பாடிய மொழி நம்முடையது. இடம் மாறுவதையும் துள்ளிப் புரள்வதையும் அவ்வினை இயல்பாகவே தாங்கும். 'பொருட்பிறழ் வசனம்', 'பொருள் பிறழ்ந்த உரையாடல்' என்று நடிகர்களும் தடையின்றிச் சொல்லலாம்.

இத்தகைய நாடகங்களுக்கு, விமர்சகர் மார்ட்டின் எஸ்லினின் 1961-ஆம் ஆண்டு நூலால் பரவிய 'தியேட்டர் ஆஃப் தி அப்சர்ட்' என்ற வகைப்பெயருக்குத் தமிழில் 'அபத்த நாடகம்' வேரூன்றிவிட்டது. அதைத் தொட வேண்டியதில்லை. அது வாழ்க்கை பற்றிய ஒரு நோக்கின் பெயர். நான் பெயர் தேடுவது வசனத்தின் செய்முறைக்கு.

மேற்சொன்ன நாடகத்தின் இறுதியில் வாக்கியங்கள் உடைந்து வெறும் எழுத்தொலிகளாகக் கத்தப்படுகின்றன. அந்த இடத்துக்குப் 'பொருட்பிறழ்வு' பொருந்தாது. 1913-இல் ரஷ்யக் கவிஞர் குருச்சோனிக் முன்வைத்த 'ஸாவும்' (அகராதிப் பொருளை விட்டு ஒலியையே நம்பும் கவிமொழி) அதற்கு நெருக்கமானது. அதை 'மனங்கடந்த மொழி' எனத் தனியே வழங்கலாம். இவ்விரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைக்காதிருப்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டுகிறேன்.