ஸ்கேட்போர்டுப் பலகை வாலில் முறிகிறது, எந்த மரம் எடுப்பது?

கல்லடிப் பொடியன்:
வணக்கம். அச்சும் சில்லும் கொழும்பில் இருந்து எடுப்பித்துவிட்டு, பலகையை மட்டும் நானே செய்யத் தொடங்கினேன். மரக்காலையில் ஒன்றரை அங்குலத் தடிப்பில் தேக்குப் பலகை வாங்கினேன். வாலும் மூக்கும் (பின், முன் நுனிகள்) மேலே எழும்ப வேண்டும் என்பதற்காக நடுப்பகுதியைச் சீவுளியாலும் அரத்தாலும் குடைந்து 12 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். மூன்று நாள் வேலை, பார்க்க வடிவாகத்தான் வந்தது. ஆனால் வாலில் காலை ஊன்றிய மூன்றாவது தரமே, பின் அச்சின் போல்டுகளுக்குச் சற்றுப் பின்னால் குறுக்காக முறிந்துவிட்டது. தேக்கே முறிந்தால் வேறு என்ன மரம் எடுப்பது? முதிரை சரிவருமா?

ஓடாவியார், கல்முனை:
தம்பி, முறிந்த இடத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். நார் வளைவோடு சேர்ந்து ஓடுகிறதா, நேராக ஓடி மேல்பக்கத்தால் வெளியே வருகிறதா?

கல்லடிப் பொடியன்:
நேராகத்தான் ஓடுகிறது நானா. வளைவு தொடங்கும் இடத்தில் எல்லா நாரும் அறுபட்டு நிற்கிறது.

ஓடாவியார், கல்முனை:
அப்படியென்றால் மரத்தில் பிழை இல்லை. முதிரை எடுத்தாலும் அதே இடத்தில்தான் போகும், பாரமும் கூடும். நேர் மரத்தில் வளைவைச் செதுக்கினால் அந்த இடத்தில் நார் குட்டையாகிவிடும். பிறகு விறகு பிளப்பது போல நார் போன வழியே பிளக்கும். தோணியின் உள் வளைவுக் கட்டைகளுக்கு இதனால்தான் வளைந்தே வளர்ந்த கொப்பைத் தேடி எடுப்பார்கள்.

உங்களுக்கு வேண்டியது மெல்லிய தகடுகளை வளைத்து ஒட்டுவது. ஆலைகளில் மேப்பிள் மரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தகடு 7 அடுக்குவார்கள். ஐந்தில் நார் நீளவாக்கில், இரண்டில் குறுக்கே. குறுக்கு அடுக்குகள்தான் நீளத்துக்குப் பிளவு ஓடாமல் பிடிக்கும். நீங்கள் 3 மில்லிமீட்டர் பிளைவூட் நாலு எடுங்கள், மேல்நார் நீளவாக்கில் இருக்கட்டும். ரீப்பைத் துண்டுகளால் மேலும் கீழும் பொருந்தும் வளைப்பு அச்சு ஒன்று செய்து, தகடுகளை வெந்நீரில் நனைத்து, பசை இல்லாமலே ஒரு இரவு இறுக்கி வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பசை. வாலை 15 பாகைக்கு மேல் தூக்க வேண்டாம், கூரான வளைவில் இந்தத் தகடு வெடிக்கும். கழற்றியதும் கொஞ்சம் நிமிரும், ஆகவே வளைப்பு அச்சை இரண்டு மூன்று பாகை கூட்டியே வெட்டுங்கள்.

கல்லடிப் பொடியன்:
மிக்க நன்றி நானா. படகு திருத்திய பைபர் ரெசின் வீட்டில் மிச்சம் இருக்கிறது, அதையே பசையாகப் பாவிக்கலாமா?

அலைக்காரன், அறுகம்குடா:
வேண்டாம் தம்பி. படகுக்குப் பூசுவது பெரும்பாலும் பாலியெஸ்டர், மரத்தோடு மரத்தை அது உறுதியாகப் பிடிக்காது. எபோக்சி என்றால் சரி. இல்லாவிட்டால் தண்ணீர் தாங்கும் என்று போத்தலில் போட்டிருக்கும் மரப்பசை. அதில் தண்ணீர் இருப்பதால், மாரி மழை நேரத்தில் ஒரு நாள் முழுக்க இறுக்கி வைத்து, கழற்றிய பிறகும் மூன்று நாலு நாள் நிழலில் விட்டுத்தான் அறுக்க வேண்டும். அவசரப்பட்டால் பலகை முறுகும்.

ஓடாவியார், கல்முனை:
அறுக்கும் முன் நடுக்கோட்டைக் கீறி, இரண்டு சில்லு அச்சுகளுக்கும் நாலு நாலாக எட்டு ஓட்டைகளையும் 5 மில்லிமீட்டரில் போட்டுவிடுங்கள். அகலத்தில் 41, நீளத்தில் 54 மில்லிமீட்டர் இடைவெளி, ஆனாலும் உங்கள் சில்லு அச்சை வைத்து ஒருதரம் சரிபாருங்கள். உருவத்துக்குக் கடதாசியை நடுவில் மடித்துப் பாதியை மட்டும் வெட்டினால் இரண்டு பக்கமும் ஒத்துவரும். கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மிச்சத்தை அரத்தால் எடுங்கள். அரத்தை மேலிருந்தும் கீழிருந்தும் நடுவை நோக்கித் தள்ள வேண்டும், வெளியே இழுத்தால் மேல்தகடு சிலும்பும்.

கல்லடிப் பொடியன்:
மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். முதல் தகடு நனைத்தது போதாமல் வெடித்தது. மற்றதைக் கூடுதலாக ஊறவிட்டேன், வளைந்தது. வளைப்பு அச்சை 17 பாகையில் வெட்டினேன், கழற்றியதும் 14இல் நின்றது. நேற்று வாலில் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன், பிளவு ஒன்றும் இல்லை. ஓரங்களுக்கு 80, 120, 220 என்று சாண்ட் பேப்பர் போட்டாயிற்று. அப்புறம், ஓட்டைகளுக்குள்ளும் வார்னிஷ் பூசவேண்டுமா நானா?

ஓடாவியார், கல்முனை:
கட்டாயம் பூசுங்கள் தம்பி. தண்ணீர் முதலில் குடிப்பது ஓட்டையும் ஓரமும்தான். ஓரத்துக்கு மூன்று கை.