மார்கழியும் கூம்புக் குழாயும்: கட்டுபவர்கள், கேட்பவர்கள் அனுபவம்

செட்காரர்:
மார்கழி விடிகாலையில் கோயில் கூம்புக் குழாயில் (கூம்பு வடிவ ஒலிபெருக்கியில்) பாட்டுப் போடும்போது சத்தம் கூடிப்போச்சு என்றால் எல்லாரும் ஆம்ப்ளிஃபையரைத்தான் பார்க்கிறார்கள். கூம்பு எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். வேப்பமர உச்சியில் நாலு திசைக்கும் கட்டினால், கோயில் வாசலில் நிற்பவருக்குச் சுமாராகத்தான் கேட்கும். எதிர் மாடி ஜன்னலுக்கு நேராகப் போய் இறங்கும். கூம்பில் பேஸ் (கனமான தாழ்ந்த ஒலி) வராது. அது கத்துவது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், நம் காது கூர்மையாக இருப்பதும் அங்கேயேதான். வாசலுக்கு மட்டும் போதுமென்றால் பத்தடி உயரத்தில் இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர், முகத்தைத் தரைப்பக்கம் சாய்த்துக் கட்டுங்கள்.

ஒலிக்கணக்கு:
ஆம்ப்ளிஃபையர் தரும் வாட்டைப் பாதியாக்கினால் 3 டெசிபல்தான் இறங்கும், காதுக்குப் பெரிதாகத் தெரியாது. "குறைச்சாச்சு சார்" என்று ஆபரேட்டர் சொல்வது பொய்யில்லை. சத்தம் பாதியானது போலக் கேட்க வாட் பத்தில் ஒன்றாக வேண்டும்.

விதி தெரிந்தவர்:
2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு என்பது 10 முதல் காலை 6 வரை, அதனால் நாலரை மணிப் பாட்டும் இரவுக்கணக்குதான். விழாக்களுக்கு அரசு தரும் தளர்வு வருடத்துக்கு 15 நாள், அதுவும் நள்ளிரவு 12 வரைதான். போன் ஆப்பில் அளந்தால் 'ஏ' வெயிட்டிங் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் அமைப்பு) வையுங்கள், மைக் ஓட்டையைக் கவர் மூடக்கூடாது, காற்றடித்தால் எண் ஏறிவிடும். அது பேசித் தீர்க்க உதவும், சாட்சிக்கு ஆகாது.

குருவி பார்ப்பவர்:
ஆறு மணிக்கு முன்னால் குழாயை இருபது நிமிஷம் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். புள்ளி ஆந்தை பொந்துக்குள் போகுமுன் போடும் கிறீச் சண்டை, செம்போத்தின் 'ஊப் ஊப்', பிறகு தவிட்டுக்குருவிக் கூட்டம் என்று வரிசையாக வரும். செம்போத்துக் குரல் கனமானது, பாட்டுக்கு நடுவிலும் கொஞ்சம் தப்பிக்கும். மெல்லிய கீச்சொலிகள் கூம்பின் சுருதியிலேயே இருப்பதால் மொத்தமாக அமுங்கிவிடும். திருப்பாவை ஏழாம் பாசுரம் விடியலில் ஆனைச்சாத்தன் என்ற பறவை போடும் சத்தத்தைக் கேட்கவில்லையா என்றுதான் தோழியை எழுப்புகிறது. அதையே குழாயில் போட்டுப் பறவையை அமுக்குகிறோம்!

செட்காரர்:
கேசட் காலத்தில் அரை மணியில் பக்கம் முடியும், திருப்பிப் போட ஆள் வரவேண்டும். பென்டிரைவ் நிற்பதே இல்லை. அன்றன்றைய பாசுரத்தை மட்டும் ஏற்றி, ரிபீட்டை அணைத்துவிடுங்கள்.