டி.ஓ. படித்துவிட்டு சர்ஜன் ஆக முடியுமா?

பாயான் பாரு மகள்

வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் உயிரியல் பட்டம் முடித்தேன். அங்கே டாக்டர் ஆவதற்கான வழக்கமான பட்டம் எம்.டி.; அந்தக் கல்லூரிகள் எதிலும் இடம் கிடைக்கவில்லை. ஓர் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி கூப்பிட்டிருக்கிறது. நான்கு வருஷம், முடித்தால் டி.ஓ. பட்டம்.

எனக்கு வேண்டியது ஜெனரல் சர்ஜரி. அப்பாவுக்குக் குடலில் கட்டி வந்தபோது, எங்கே வெட்டி எங்கே இணைக்கப் போகிறோம் என்று அந்த சர்ஜன் ஒரு தாளில் வரைந்து அம்மாவுக்குக் காட்டினார். அப்போதிருந்து வேறு எந்தத் துறையும் மனசில் ஏறவில்லை. மாமாவோ, "அது முதுகு நீவி விடுகிற படிப்பாச்சே, உன்னிடம் யார் கத்தியைக் கொடுப்பார்கள்?" என்கிறார். வீட்டை அடமானம் வைக்கலாம் என்று அப்பா சொல்கிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

செந்தூல் அண்ணன்

தங்கச்சி, நான் டி.ஓ. முடித்து இப்போது அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜெனரல் சர்ஜரி ரெசிடென்ட், அதாவது மருத்துவமனையில் நிபுணர் பயிற்சி பெறும் டாக்டர். ஐந்து வருஷப் பயிற்சியில் மூன்றாவது வருஷம். அமெரிக்க டி.ஓ. முழு மருத்துவர் என்று மாமாவிடம் சொல்லுங்கள். எம்.டி. மாணவர்கள் படிப்பதையெல்லாம் படிக்கிறோம். எலும்பையும் தசையையும் கையால் ஆராய்ந்து சிகிச்சை தரும் பயிற்சி கூடுதலாக உண்டு.

ஆனால் போட்டி கடுமை. முன்பு டி.ஓ.க்களுக்கென்றே தனி சர்ஜரி பயிற்சி இடங்கள் இருந்தன. 2020இல் எம்.டி., டி.ஓ. பயிற்சி அமைப்புகள் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் இப்போது எல்லோருக்கும் ஒரே தேர்வுமுறைதான். சில பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகள் டி.ஓ. விண்ணப்பத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நரம்பு அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி இரண்டிலும் நம்மவர்கள் மிகக் குறைவு. ஜெனரல் சர்ஜரியில் அப்படி இல்லை; முன்பு டி.ஓ. இடங்களாக இருந்த நடுத்தர மருத்துவமனைகள் இன்றும் நம்மை மதித்து எடுக்கின்றன.

டி.ஓ.க்களுக்கான உரிமத் தேர்வான கோம்லெக்ஸ் உங்களுக்குக் கட்டாயம். அதோடு எம்.டி. மாணவர்கள் எழுதும் உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யும் எழுதிவிடுங்கள். முதல் கட்டத்துக்கு 2022 முதல் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி மட்டும்தான். அதனால் இரண்டாம் கட்ட மதிப்பெண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

கல்லூரியிடம் இப்போதே ஒன்று கேளுங்கள்: மூன்றாம் ஆண்டு சர்ஜரி பயிற்சி எங்கே? அங்கே ரெசிடென்ட்கள் உண்டா? பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை இல்லை. ரெசிடென்ட் இல்லாத சின்ன இடத்தில் ஒரு சர்ஜனுக்குப் பின்னால் நின்றே மாதம் ஓடிவிடும். நான்காம் ஆண்டில் நீங்கள் சேர விரும்பும் மருத்துவமனைகளுக்கே போய் மாதக்கணக்கில் வேலை பார்க்கலாம். விடியுமுன் வார்டுக்குப் போவது, அறுவைக்குப் பின் நோயாளிக்கு வைத்த வடிகுழாயில் எவ்வளவு வந்தது என்று கேட்டால் உடனே சொல்வது, இதையெல்லாம் கவனிப்பார்கள். எனக்கு இடம் கிடைத்தது அப்படிப் போன ஓர் இடத்தில்தான்.

பண விஷயம்: உங்களைப் போல மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அமெரிக்க அரசுக் கடன் கிடையாது. எல்லா மருத்துவமனையும் விசாவுக்குப் பொறுப்பேற்காது.

செராஸ் அக்கா

கோலாலம்பூரில் அரசு மருத்துவமனை சர்ஜரி பிரிவில் இருக்கிறேன். திரும்பி வரும் எண்ணம் இருக்கிறதா, அதை முதலில் முடிவு செய்யம்மா. 1971 மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது இங்கே ஏற்கப்படும் பட்டங்களின் பட்டியலில், அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் இங்கே தகுதித் தேர்வு எழுத வேண்டி வரும். சர்ஜனாக வேலை செய்ய நிபுணர் பதிவேடும் இருக்கிறது. மாமா குழம்புவதில் தப்பில்லை. நம் நாட்டில் ஆஸ்டியோபதி, 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் வருகிறது. அவர்கள் அமெரிக்க டி.ஓ. போல டாக்டர்கள் அல்ல. மருத்துவ மன்றத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. அதுவரை அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுக்க வேண்டாம்.

பாயான் பாரு மகள்

நன்றி அக்கா, நாளைக்கே எழுதுகிறேன். அண்ணா, ஜெனரல் சர்ஜரி கிடைக்காமல் போனால்?

செந்தூல் அண்ணன்

பிரிலிமினரி என்று ஒரு வருஷ சர்ஜரி இடங்கள் உண்டு. வேலை அதேதான், ஆனால் இரண்டாம் வருஷத்துக்கு உத்தரவாதம் இல்லை. சிலர் அங்கிருந்து முழு இடத்துக்கு மாறுகிறார்கள், சிலர் வேறு துறைக்குப் போகிறார்கள். கையெழுத்துப் போடுமுன், அந்தக் கல்லூரியிலிருந்து கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் முழு ஐந்து வருஷ சர்ஜரி இடத்துக்குப் போனார்கள் என்று கேளுங்கள். பிரிலிமினரியையும் சேர்த்துச் சொல்வார்கள், பிரித்துத் தரச் சொல்லுங்கள்.