மதில்கள் படிச்சு முடிச்ச கையோட எங்க ஃபிளாட் காம்பவுண்ட் சுவர் பிரச்சனை – யாராவது யோசிச்சு சொல்லுங்க

சூளைமேடு வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் பெருசு, பொறுமையா படிங்க.

எங்க ஏரியால ஏழெட்டு பேர் சேர்ந்து மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு புத்தகம் எடுத்துப் பேசுவோம், இந்த மாசம் மலையாள எழுத்தாளர் பஷீரோட மதில்கள், சுகுமாரன் தமிழ்ல பண்ணினது. சின்ன புத்தகம்தான், ஒரே ராத்திரில முடிச்சிட்டேன், ஆனா அதுக்கப்புறம் ரெண்டு நாளா வேற எதுலயும் மனசு போகல. பஷீர் திருவனந்தபுரம் ஜெயில்ல இருக்காரு, திருவிதாங்கூர் திவானுக்கு எதிரா எழுதினதுக்காக உள்ள போனவரு (அந்த திவான் சி.பி.ராமசாமி ஐயர், நம்ம ஆழ்வார்பேட்டைல அவர் பேர்ல ரோடே இருக்கு, அது வழியா எத்தனையோ தடவ போயிருக்கேன், ஒரு தடவ கூட தோணினதில்ல). பக்கத்துல பெண்கள் ஜெயில், நடுவுல பெரிய மதில். அந்தப் பக்கம் நாராயணி. முகமே பாக்காம குரல வெச்சே ரெண்டு பேரும் பழகறாங்க. நாராயணி மதிலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து காஞ்ச குச்சி ஒண்ண மேல தூக்கிப் போடுவா, அது வானத்துல தெரிஞ்சா இவரு ஓடி வரணும், இவரு ரோஜாச் செடிய அந்தப் பக்கம் போடுவாரு. இன்னும் படிக்காதவங்க அடுத்த வரிய தாண்டிடுங்க: ஆஸ்பத்திரில வெச்சு முதல் முதலா பாத்துக்கலாம்னு ரெண்டு பேரும் நாள் குறிச்சிருக்கிற நேரத்துல இவருக்கு விடுதலைன்னு சொல்லிடறாங்க. விடுதலை வந்து ஒரு மனுஷன இப்படி உடைக்குமான்னு அழுதுட்டேன். அடூர் கோபாலகிருஷ்ணன் இத படமா எடுத்ததுல கூட நாராயணி கடைசி வரைக்கும் குரல் மட்டும்தான், கேபிஏசி லலிதா குரல்.

இப்ப என் விஷயம். எங்க ஃபிளாட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன கேட் இருக்கு, சந்துல திறக்கும். வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்க, இஸ்திரி போடுற அண்ணன், பூக்காரம்மா எல்லாம் அது வழியாத்தான் வருவாங்க, சந்துப் பசங்க பந்து உள்ள விழுந்தா எடுக்க வருவாங்க. போன மாசம் ஒரு சைக்கிள் காணாம போச்சு. உடனே அசோசியேஷன்ல அந்த கேட்ட எடுத்துட்டு செங்கல் வெச்சு அடைச்சிடலாம், சுவரையும் இன்னும் மூணு அடி ஏத்தி மேல கண்ணாடி பதிச்சிடலாம்னு பேச்சு. சைக்கிள எடுத்தது யாருன்னே தெரியாது! நான் வேணாம்னு சொன்னேன், "அப்ப உங்க வீட்டுல திருடு போனா பரவாயில்லையா"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் வரல. நிஜமாவே வரல.

அதான் கேக்கறேன். சுவர்னாலே தப்பா? நம்ம தமிழ்ல இதப் பத்தி என்ன சொல்லியிருக்காங்க? வர்ற ஞாயிறு மீட்டிங்.

---

ராயபுரம் காரன்:

அக்கா, உங்க கேள்விக்கு புத்தகத்துலேர்ந்து பதில் சொல்ற அளவுக்கு நான் படிச்சவன் கிடையாது, ஆனா எங்க ஊரே ஒரு மதிலுக்கு உள்ள பொறந்த ஊரு, அத சொல்றேன்.

வால்டாக்ஸ் ரோடு தெரியும்ல, சென்ட்ரல் பக்கத்துல. டாக்ஸ்னா வரி, வால்னா சுவர், சுவர் வரி ரோடு. இங்கிலீஷ்காரன் கோட்டைக்குள்ள இருந்தான், வெளிய நம்ம ஆளுங்க இருந்த இடத்துக்கு பிளாக் டவுன்னு பேர் வெச்சான், கறுப்பர் நகரம். 1746ல பிரெஞ்சுக்காரன் கோட்டையப் புடிச்சான், அப்புறம் 1758ல மறுபடி வந்து முற்றுகை போட்டான், ஹைதர் அலி குதிரைப்படை வேற சுத்துவட்டாரத்துக்கு வந்து போச்சு. அந்த பயத்துலதான் 1760கள்ல ஆரம்பிச்சு பிளாக் டவுன சுத்தி மதில் கட்டினாங்க. காசு யாரு குடுக்கறது? உள்ள குடியிருக்கிறவன் குடுன்னாங்க. அப்புறம் சட்டப்படி அப்படி வாங்க முடியாதுன்னு ஆகி வரிய வசூல் பண்ணவே இல்ல, பேரு மட்டும் ரோட்டுல நின்னுபோச்சு.

அந்த மதில்ல ஒரு துண்டு பழைய ஜெயில் ரோடு பக்கம் இன்னும் இருக்கு, அது மேலதான் மாடிப் பூங்கா. சின்ன வயசுல அது மேல ஏறி ஓடிப்புடிச்சு விளையாடியிருக்கோம், அது சண்டைக்குக் கட்டின சுவர்னு ஒருத்தனுக்கும் தெரியாது.

ஆனா இத விட எனக்கு பெருசா படறது என்னன்னா, மதில் கட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ள இருந்தவங்க பிரிஞ்சுதான் இருந்தாங்க. 1707ல வலங்கை, இடங்கைன்னு ரெண்டு அணியா இருந்த சாதிக்காரங்களுக்குள்ள பெரிய தகராறு, கடைசில பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்குன்னு தெருவையே பிரிச்சுட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல சுவர் கிடையாது, ஒரு பள்ளம், அவ்ளோதான். அந்த பள்ளத்த பின்னாடி தூர்த்துதான் பிராட்வே வந்துச்சு. இன்னிக்கு அங்க டிராஃபிக்ல நிக்கறவன் ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் பாக்கறான். அதே மாதிரி பாரிமுனைல டேர் ஹவுஸ் ஓரமா ஒரு கல்தூண் நிக்கும் பாருங்க, 1773ல நட்டது, கோட்டைக்கும் இந்த தூணுக்கும் நடுவுல நீ வீடு கட்டக் கூடாதுன்னு அர்த்தம், பீரங்கி சுட இடம் வேணும்ல. வெட்டவெளியே ஒரு சுவர் மாதிரிதான்.

---

பழைய தமிழ்சார்:

அம்மா, நல்ல கேள்வி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல தமிழ் நடத்தினவன்ங்கிற உரிமையில கொஞ்சம் நீட்டி எழுதறேன், கோவிச்சுக்காதீங்க.

முதல்ல சொல்லப் பாருங்க. சுவர் வேற மதில் வேற. சுவர் மேல கூரை நிக்கும், சித்திரம் எழுதலாம், விளக்குக்கு மாடம் வைக்கலாம். மதிலுக்கு அந்த வேலையெல்லாம் கிடையாது, வர்றவனை நிறுத்தறது ஒண்ணுதான் அதோட வேலை. எயில், இஞ்சி, புரிசைன்னு எத்தனையோ பேர் பழைய தமிழ்ல, எல்லாமே மதில்தான். உங்க ஃபிளாட்டுக்காரங்க சுவர்னு சொல்லிட்டு மதில் கட்டப் பாக்கறாங்கன்னு எனக்குத் தோணுது.

புறத்திணைல, அதாவது போரைப் பத்தின பழைய பாட்டு இலக்கணத்துல, மதிலுக்குன்னே இடம் ஒதுக்கியிருக்கான். மதில வளைச்சுக்கிட்டு வெளிய நிக்கறவன் உழிஞைப் பூ சூடுவான், உள்ள இருந்து காக்கறவன் நொச்சிப் பூ சூடுவான். நொச்சி எதுன்னு தெரியுதா, சளி புடிச்சா இலைய போட்டு ஆவி பிடிக்கிறோமே அதுதான், நொச்சிக்குப்பம் பேர்ல இருக்கிற அதே நொச்சி. புறநானூறு 272ஆம் பாட்டு, மோசி சாத்தனார் பாடினது, நொச்சிய கூப்பிட்டே பேசறாரு. மரங்கள்லயே நீதான் எல்லாருக்கும் பிடிச்ச நல்ல மரம், வீட்டுக்குள்ள வளையல் போட்ட பொண்ணுங்க இடுப்புல தழையா கிடக்கறதும் நீதான், பகைவன் மதில உடைச்சு உள்ள வரப் பாக்கறப்போ ஊர விட்டுக்குடுக்காம நிக்கறானே அவன் தலைல ஏறற உரிமையும் உனக்குத்தான்னு. வகுப்புல இத நடத்தறப்ப எல்லாம் எனக்கு ஒரு நிமிஷம் தொண்டை அடைக்கும். மதிலுக்குப் பின்னாடி யாரு இருக்காங்கன்னு அந்தப் பூவ வெச்சே காட்டிட்டான் பாருங்க. அதனால மதில்னாலே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், படை வந்து நிக்கறப்ப மதில் வேணும்.

ஆனா வள்ளுவர் அரண் அதிகாரத்துல உயரம், அகலம், திண்மை, கிட்ட வரமுடியாத அருமைன்னு மதிலுக்கு எல்லா லட்சணமும் சொல்லிட்டு, அதிகாரத்தோட கடைசிக் குறள்ல என்ன சொல்றாருன்னா

"எனைமாட்சித் தாகியக் கண்ணும் வினைமாட்சி
இல்லார்கண் இல்லது அரண்"

எவ்வளவு பெருமை இருந்தாலும் உள்ள இருக்கறவங்க செயல் சரியில்லன்னா அரண் இருந்தும் இல்லாத மாதிரிதான். மீட்டிங்ல யாராவது கேட்டா 750ஆம் குறள்னு சொல்லுங்க.

சூளைமேட்டு சந்துல எந்தப் படை வந்து நிக்குதுன்னு மட்டும் அவங்கள நான் கேக்கணும்.

---

மதுரைக்காரி இப்போ வேளச்சேரி:

தமிழ்சார் வணக்கம், நொச்சி பத்தி படிச்சு சந்தோசமா இருந்துச்சு. ஆனா படையே வராத இடத்துல மதில் கட்டுன கதை எங்க பக்கத்துல இருக்கு, அதச் சொல்லாம இந்தப் பேச்சு முடியக் கூடாது.

உத்தப்புரம், மதுரை மாவட்டம். 1989 நவம்பர்ல பெர்லின் சுவர் விழுந்துச்சுன்னு உலகமே கொண்டாடுச்சு, அதே 1989ல நடந்த சாதிக் கலவரத்துக்கு அப்புறம்தான் எங்க பக்கம் இந்தச் சுவர் எழும்புச்சு. பட்டியல் சாதி மக்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது, அவ்வளவுதான் காரணம். பெர்லின் சுவர் நின்னது 28 வருசம், 1961 ஆகஸ்ட்லேர்ந்து. அத நாங்க ஸ்கூல்ல பாடமா படிச்சோம், பரிட்சைல எழுதி மார்க் வாங்குனோம், கூப்பிடு தூரத்துல இருந்த சுவரப் பத்தி ஒரு வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னதில்ல (சார் உங்களைச் சொல்லல). 2008 ஏப்ரல்ல அந்தச் சுவர் மேல கம்பி வெச்சு கரண்ட் விட்டிருக்காங்கன்னு செய்தி வந்தப்புறம்தான் ஊர் உலகத்துக்கே தெரிஞ்சுச்சு. மே 6ஆம் தேதி அரசாங்கமே வந்து ஒரு பகுதிய இடிச்சு வழி விட்டாங்க. அப்ப எதிர்ப்பக்கம் இருந்த குடும்பங்க என்ன பண்ணுனாங்க தெரியுமா, ஊர காலி பண்ணிட்டு மலையடிவாரத்துல போய் உக்காந்தாங்க. சுவர்ல ஒரு சின்ன வழி விட்டதுக்கு. அத நினைச்சா இப்பவும் எனக்கு ஆறல.

இன்னொண்ணு, மேட்டுப்பாளையம் நடூர். 2019 டிசம்பர் 2, விடியக்காலைல மழைல காம்பவுண்ட் சுவர் இடிஞ்சு பக்கத்து வீடுகள் மேல விழுந்து 17 பேர் தூக்கத்துலயே போயிட்டாங்க, பொம்பளைங்க, குழந்தைங்க. கிட்டத்தட்ட 20 அடி சுவர். ஒரு வீட்டுக்கு எதுக்கு அவ்வளவு உசரம்? அது தீண்டாமைச் சுவர்தான்னு அங்க இருக்குற மக்கள் சொன்னாங்க.

சூளைமேடு அக்கா, உங்க சுவர் அதுன்னு சொல்ல வரல, தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா "மூணு அடி ஏத்தலாம்"ன்னு யாராவது சொன்னா யாரைப் பாத்து அந்த மூணு அடின்னு கேளுங்க. சைக்கிள் எடுத்தவன் சந்துக்காரன்தான்னு எப்படி முடிவு பண்ணுனாங்க?

---

ஓஎம்ஆர் பொண்ணு:

எல்லாரும் சொன்னது சரிதான், ஆனா நான் வேற மாதிரி ஒண்ணு சொல்லணும். எனக்கு சுவர் பிடிக்கும்.

நான் பொறந்தது பக்கிங்காம் கால்வாய் ஓரத்துல, ஓலையும் தட்டியும் வெச்ச வீடு. பக்கத்து வீட்டுல இருமினா எங்க வீட்டுல கேக்கும். வயசுக்கு வந்த பொண்ணு துணி மாத்தணும்னா அம்மா சேலைய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. குளிக்கறதுன்னா விடியறதுக்கு முன்னாடி. அப்புறம் எங்கள ஓஎம்ஆர் பக்கம் அரசாங்கம் கட்டின கண்ணகி நகர் குடியிருப்புக்கு மாத்தினாங்க, முதல் நாள் அந்த ஒத்த ரூம்ல கதவ சாத்திட்டு சுவர்ல சாஞ்சு நான் சும்மா உக்காந்திருந்தேன், ரொம்ப நேரம். மறைவுன்னா என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதனால சுவர்னாலே பிரிவினைன்னு சொல்றவங்க கொஞ்சம் நிதானிங்க, சுவரே இல்லாம பிளாட்பாரத்துல தூங்கற குடும்பம் இந்த ஊர்ல எவ்வளவு இருக்கு, அவங்க கிட்ட கேட்டுப் பாருங்க.

ஆனா அந்த சுவர் கூடவே எங்களுக்கு இன்னொண்ணும் குடுத்தாங்க, தூரம். அம்மா மைலாப்பூர்ல நாலு வீட்டுல வேலை செஞ்சாங்க, முன்ன நடந்தே போவாங்க, இங்க வந்தப்புறம் பஸ்ஸு மாத்தி மாத்தி போகணும், ரெண்டு வீடு கைய விட்டுப் போச்சு. ராயபுரம் அண்ணன் சொன்னாரே வெட்டவெளியே சுவர் மாதிரின்னு, அத படிச்சதும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. யாரும் செங்கல் வெக்கல, கண்ணாடி பதிக்கல, ஆனா நாங்க ஊருக்கு வெளிய. இன்டர்வியூல அட்ரஸ் சொன்னா முகம் மாறறத எத்தனை தடவ பாத்திருக்கேன். 2020 வாக்குல எங்க பிளாக் சுவர் எல்லாம் பெரிய பெரிய ஓவியம் வரைஞ்சாங்க, அழகாத்தான் இருக்கு, ஃபோட்டோ எடுக்க ஆளுங்க வர்றாங்க. வர்றது நல்லதுதான், வேணாம்னு சொல்லல.

அக்கா, என் வீட்டுச் சுவர் எனக்கு ஏன் பிடிச்சுதுன்னா தாழ்ப்பாள் என் பக்கம் இருந்துச்சு. உங்க பின்கேட் தாழ்ப்பாள் யாரு பக்கம் இருக்கு, வேலைக்கு வர்ற அக்காங்கள யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவங்க முன் கேட் வழியா வரணும்னா எவ்வளவு சுத்தணும்?

---

சூளைமேடு வாசகி:

மீட்டிங் முடிஞ்சு இப்பத்தான் வந்தேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி, தனித்தனியா பதில் எழுத கை வரல, மனசு நிறைஞ்சிருக்கு.

ஓஎம்ஆர் தங்கச்சி கேட்டது என்னை ரொம்ப உறுத்திச்சு, ஏன்னா நான் கேக்கவே இல்ல. நேத்து காலைல எங்க வீட்டுக்கு வர்ற அக்காகிட்ட உக்காந்து கேட்டேன். முன் கேட்டுன்னா சந்து முனை சுத்தி மெயின் ரோடு ஏறி வரணும், பத்து பன்னெண்டு நிமிஷம் கூட ஆகும், அவங்க ஒரு நாளைக்கு நாலு தடவ வந்து போறாங்க, நடுவுல ஓடிப் போய் குழந்தைக்கு சாப்பாடு குடுத்துட்டு வருவாங்க. அது எனக்கு இத்தனை வருஷமா தெரியாது. "கேட்ட அடைச்சா மத்தியானம் போக முடியாதும்மா"ன்னு மட்டும் சொன்னாங்க, வேற ஒண்ணும் சொல்லல.

இத அப்படியே மீட்டிங்ல சொன்னேன். குறளும் சொன்னேன் சார், நம்பரோட. ரெண்டாவது மாடி மாமா, அவர்தான் சுவர் ஏத்தணும்னு நின்னவர், சைக்கிள் அவரு பேரனோடது, கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அந்தப் பொண்ணு கேட்டுல எங்கிட்ட தினம் வணக்கம் சொல்லும்"னாரு. கடைசில கேட்ட அடைக்கறதில்லன்னு முடிவாச்சு, ராத்திரி பத்துலேர்ந்து காலைல அஞ்சு வரைக்கும் பூட்டு, வேலைக்கு வர்ற மூணு அக்காங்க கிட்டயும் ஒவ்வொரு சாவி. கண்ணாடி கிடையாது. ஆனா சுவர் ஓரம் ஏதாவது உயரமா வேணும்னு நாலு வீட்டுக்காரங்க இன்னும் பிடிவாதமா இருக்காங்க, அவங்க பயத்தையும் நான் தள்ள முடியல. அதுக்கு செடி வைக்கலாமான்னு கேட்டேன், சரின்னுட்டாங்க.

தமிழ்சார், நொச்சி வேலியா வளருமா? கன்னு எந்த நர்சரில கிடைக்கும்?

---

பழைய தமிழ்சார்:

நல்லா வளரும்மா, கிராமத்துல வேலிக்கே அதைத்தான் வைப்பாங்க, கொசுவும் கொஞ்சம் அண்டாது. நர்சரிக்கெல்லாம் போக வேணாம், கிளைய ஒடிச்சு நட்டாலே துளிர்த்துடும். எங்க வீட்டுப் பின்னாடி பெரிய நொச்சி இருக்கு, மழைக்காலம் ஆரம்பிக்கறப்ப நட்டா தண்ணி ஊத்தற வேலையும் மிச்சம். தேதிய மட்டும் சொல்லுங்க, விரல் தடிமன்ல ஒரு முப்பது குச்சி வெட்டி ஈரச் சாக்குல சுத்தி வெக்கிறேன், யாரையாவது அனுப்பி வாங்கிக்கோங்க. ஒரு முழத்துக்கு ஒண்ணு நடுங்க. கேட் திறக்கற பக்கம் மட்டும் இடம் விட்டு நடணும், அது வேகமா படரும்.