புதுப்பிப்பு: பெர்க், டாப்கான், ஹெச்ஜேடி சோலார் பேனல்கள் – மாடியில் எத்தனை வாட் வித்தியாசம்?

பெர்க், டாப்கான், ஹெச்ஜேடி என்பவை செல் (பேனலில் மின்சாரம் தரும் சிறு துண்டு) செய்யும் முறையால் வேறுபடும் மூன்று வகை பேனல்கள். முந்தைய இழையில் இவற்றின் வெப்பக் குணகத்தை, அதாவது செல் ஒரு டிகிரி சூடேறினால் உற்பத்தி எத்தனை சதவீதம் குறையும் என்பதை, மட்டும் போட்டிருந்தேன். "வாட் கணக்கில் சொல்லுங்க" என்று கேட்டவர்களுக்காக இது.

பேனலில் அச்சிட்ட வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மதுரைப் பக்கம் காற்றே இல்லாத சித்திரை மதியத்தில் செல் 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். டிகிரிக்குப் பெர்க் சுமார் 0.35 சதவீதம் இழக்கும், டாப்கான் 0.30, ஹெச்ஜேடி 0.25. ஆக 40 டிகிரி ஏற்றத்துக்கு 14, 12, 10 சதவீதம். 3 கிலோவாட் அமைப்பில் பெர்க்குக்கும் ஹெச்ஜேடிக்கும் 120 வாட்தான் இடைவெளி, அதுவும் உச்சி வெயிலில் மட்டும். கொடுக்கிற கூடுதல் விலையை இதோடு வைத்துப் பாருங்கள்.

இரண்டு வகை பேனலின் உற்பத்தியை ஒப்பிடும்போது பலர் சறுக்குவது இன்வெர்ட்டரில் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி). 3 கிலோவாட் இன்வெர்ட்டரில் 3.9 கிலோவாட் பேனல் மாட்டினால் நல்ல வெயிலில் எந்த வகையும் இன்வெர்ட்டரின் 3 கிலோவாட் உச்சத்தில் முட்டி நிற்கும், உற்பத்தியைக் காட்டும் மொபைல் ஆப்பில் கோடு தட்டையாகத் தெரியும். அந்த நேரத் தரவை ஒதுக்கிவிடுங்கள். மொத்த யூனிட்டைப் பேனல் கிலோவாட்டால் வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும். சாய்வு, திசை ஒன்றாக இருக்கணும்.

இந்த வகை வித்தியாசத்தைவிடப் பெரிய திருடன் அழுக்கு. சாய்வு குறைந்த பேனலில் கீழ் ஃப்ரேம் ஓரமாகச் சேறு காய்ந்து கடைசி வரிசை செல்களை மூடும். நீளப் பக்கம் மேல்-கீழாக வரும்படி மாட்டிய ஹாஃப்-கட் பேனலில் (செல்களைப் பாதியாக வெட்டி, மேல்பாதி, கீழ்ப்பாதி தனித்தனியாக இயங்கும்படி செய்தது) அந்த ஒரு வரிசையே கீழ்ப்பாதி உற்பத்தியைக் கடித்துவிடும். விடியற்காலையில் கழுவுங்கள்; போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் வெள்ளைத் திட்டு படியும் முன் வைப்பரால் வழித்துவிடுங்கள்.

கடலோரத்தில் டாப்கான் வாங்குவதானால் இருபுறமும் கண்ணாடி உள்ளதைக் கேளுங்கள். அதன் செல் மேலுள்ள, மின்சாரத்தைச் சேகரிக்கும் உலோகக் கோடுகளுக்கு ஈரம் ஆகாது.