குமிழியை நம்பி ஏமாந்தவர்கள்

தூண்டில் போடுகிற நாம் ஒவ்வொருவரும் ஏமாந்த கதையைச் சொல்வதென்றால், முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தூண்டில் பிடித்த முதல் கோடையில், அரைநாள் முழுக்கச் சேற்றோடு மல்லுக்கட்டியவன் நான். கரையிலிருந்து பத்தடி தள்ளிக் குமிழி குமிழியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அடியில் பெரிய கெண்டை ஒன்று மேய்கிறது என்று முடிவுகட்டி, மண்புழுவைக் கோத்துப் போட்டேன். தக்கை அசையவில்லை. புழுவை மாற்றினேன், முள்ளை மாற்றினேன், தக்கையை ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன். உச்சி வெயில் மண்டையைப் பிளக்கத் தொடங்கியபோது, அந்தப் பக்கம் வந்த பெரியவர் ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, காலையிலிருந்து குமிழி ஒரே இடத்தில்தானே வருகிறது? மேய்கிற மீன் நகராதா?"

அது மீனே இல்லை. அடியில் மட்கும் இலைதழையிலிருந்து வரும் மீத்தேன். நீர் சூடேற ஏற மட்குவது வேகமெடுக்கும் என்பதால், கோடையில் ஆழமில்லாத ஏரிகள் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். மேயும் மீன் எழுப்பும் குமிழி பொடிப்பொடியாக நுரை போல வரும். மெல்ல நகர்ந்துகொண்டே போகும். கூடவே நீரும் கலங்கும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு அரைநாளும் முப்பது புழுக்களும் செலவாயின.

இரண்டாவது ஏமாற்றம் இன்னும் மனத்தில் கிடக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, நாணல் ஓரமாக ஒரு முழ அகலத்துக்கு நீர் பொரிந்தது. தூறல் விழுவது போலவே இருந்தது. ஆனால் வானத்தில் மேகமே இல்லை. குனிந்து பார்த்தால் செக்கச் செவேலென்று விரால் குஞ்சுகள். மூச்செடுக்க மேலே வருவதும் இறங்குவதுமாக இருந்தன. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. காற்றையும் குடித்தாக வேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

குஞ்சுக்கு அடியில் தாயோ தந்தையோ காவல் இருக்கும் என்று தெரிந்தேதான் ரப்பர் தவளையை அந்தக் கூட்டத்தின் நடுவே இழுத்தேன். இரண்டாவது இழுப்பிலேயே நீர் வெடித்தது. கோல் வில்லாக வளைந்தது. கரைக்குக் கொண்டுவந்தபோது ஒன்றரை அடி இருக்கும். உடல் நீளத்துக்கு ஏற்ற சதை இல்லை. அது பசித்துக் கடிக்கவில்லை, விரட்டத்தான் பாய்ந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தால் குஞ்சுகள் இருந்த இடத்தில் வேறு மீன்கள் சுழன்றுகொண்டிருந்தன. அவசரமாக முள்ளைக் கழற்றி விட்டுவிட்டேன். இருபது நிமிடம் கழித்து, சற்றுத் தள்ளி நீர் மறுபடி பொரிந்தது. முன்பு பார்த்த அளவில் பாதிகூட இல்லை. பக்கத்தில் ஒரு பெரிய சுழிப்பு. நான் விட்ட மீன்தானா என்று எப்படிச் சொல்வது?

*

அண்ணா, உங்களுக்குக் குமிழி என்றால் எனக்கு வாய். ஒருநாள் விடியுமுன்னே போய்ச் சேர்ந்தேன். ஏரி முழுக்க மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கட்லா, ரோகு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இப்படி ஒரு நாள் யாருக்கு வாய்க்கும் என்று உள்ளம் துள்ள, இருந்த இரை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டேன். வாயருகே இரை மிதந்தும் ஒன்றுகூடத் தொடவில்லை.

வீடு திரும்பிய பிறகுதான் விசாரித்துப் புரிந்துகொண்டேன். 20 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதையும் இரவெல்லாம் பாசி செலவழித்துவிடுகிறது. பகலில் ஆக்சிஜனைத் தருவதும் அதே பாசிதான், ஆனால் வெளிச்சம் வேண்டுமே! முந்தைய இரண்டு நாளும் வானம் மூடியிருந்தது. ஆக, நான் பார்த்தது பசியில்லை, மூச்சுத் திணறல். அதே வேளையில் கரையோரம் ஒரு விரால் நிதானமாக மேலே வந்து, ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டுப் போனது. அதற்கு எந்தக் கவலையும் இல்லை.

இப்போதெல்லாம் அப்படிப்பட்ட காலையில் தூண்டிலை எடுப்பதே இல்லை. வெயில் ஏறி, காற்று அலை எழுப்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

*

நான் ஏமாந்தது தக்கையில். மெல்ல நடுங்கி, பக்கவாட்டில் நடந்து போனது. ஆரால் என்று நினைத்துத் தூக்கினேன். கறுப்பாக ஒன்று நெளிந்தது. இருட்டு. கெளுத்திக் குஞ்சு என்று எண்ணிப் பிடித்தேன். தேளி! முள்ளில் நஞ்சுள்ள மீன். மார்புத் துடுப்பு முள் கட்டைவிரலில் இறங்கிய அடுத்த நிமிடம், வலி முழங்கை வரை ஓடியது. பக்கத்தில் இருந்த அக்கா, "வெந்நீர் வையுங்கள், கையை முக்குங்கள்" என்றார். பொறுக்கும் சூட்டில் முக்கால் மணி நேரம் முக்கிய பிறகுதான் பேச்சு வந்தது. அந்த நஞ்சு புரதம். சூட்டில் வீரியம் குறைந்துவிடும். முள்நுனி உள்ளே ஒடிந்திருந்ததால் மறுநாள் மருத்துவரிடமும் போக வேண்டியதாயிற்று. தடுப்பூசியும் போட்டார்கள்.

தலைவிளக்கும் இடுக்கியும் இல்லாமல் அதன்பின் இரவில் உட்கார்ந்ததில்லை.

*

விராலை விட்டவருக்கு ஒன்று. பெரும்பாலும் இரண்டும் காவல் இருக்கும் என்பதால், ஒன்று தூண்டிலில் இருந்தாலும் மற்றது அங்கேயே இருந்திருக்கலாம். மனத்தை வருத்திக்கொள்ள வேண்டாம். என் கதை அதைவிட மோசம். கைப்பிடியளவு திலேப்பியா ஒன்றைத் தூக்கி முள்ளைக் கழற்ற வாயைத் திறந்தேன். உள்ளங்கையில் கடுகு போல என்னவோ கொட்டியது. கண் மட்டும் பெரிதாக, இருபது முப்பது குஞ்சுகள். தாய் அவற்றை வாயில் வைத்துக் காக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கையோடு நீரில் இறக்கினேன். குஞ்சுகள் நீந்திப் போயின. தாய் இன்னும் என் முள்ளில்தான் இருந்தது.