மடலாடல்: இறக்குமதியும் இல்லை, ஏற்றுமதியும் இல்லை. லாத்வியா வழியே போகும் சரக்குக்கு என்ன சொல்?

கோவையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் பொருளியல் மாணவர்களுக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எடுத்துக்காட்டு நாடு, பால்டிக் கடற்கரையில் ரஷ்யாவை ஒட்டியுள்ள லாத்வியா. ரஷ்ய நிலக்கரி, எண்ணெய், பெலாரஸ் உரம் எல்லாம் ரயிலில் வந்து ரீகா, வென்ட்ஸ்பில்ஸ், லியெபாயா துறைமுகங்களில் கப்பலேறின. லாத்வியா அவற்றை வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. ரயில் கட்டணமும் துறைமுகக் கூலியும்தான் அதன் வரும்படி. இந்த ‘ட்ரான்சிட்’ சரக்குக்கு ‘இடைவழிச் சரக்கு’ என்று எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. 2012-இல் அந்நாட்டு ரயில்கள் சுமந்தது சுமார் 6 கோடி டன். 2023-இல் அது ஒன்றரைக் கோடி டன் அளவுக்கு இறங்கிவிட்டது. விழுந்ததில் பெரும்பங்கு இந்தச் சரக்குதான் என்பதால் பாடம் முழுக்க இச்சொல் வரும்.

தஞ்சையிலிருந்து:
‘கடவுச் சரக்கு’ என்று போடுங்கள் அம்மா. கட என்னும் பகுதியிலிருந்து வந்தது கடவு. கடக்கும் வழி என்ற பொருள் அதில் இருக்கிறது. எல்லை கடப்பதற்குக் கடவுச்சீட்டு என்கிறோம். எல்லை கடக்கும் பண்டத்துக்கும் அதே வேர் இருப்பதுதான் முறை.

சென்னையிலிருந்து:
ஐயா, இன்றைய மாணவருக்குக் கடவு என்றதும் கடவுச்சொல்தான் முன்னே நிற்கும். ஏற்றுமதிச் சரக்கும்தான் எல்லை கடக்கிறது. ‘வழிப்போக்குச் சரக்கு’ என்றால் என்ன? தங்காமல் போகிறது என்பது கேட்டவுடனே விளங்கும்.

கோவையிலிருந்து:
பாடத்தின் தலைப்பை அதில் எழுதிப் பார்த்தேன்: ‘வழிப்போக்குச் சரக்குப் போக்குவரத்தின் எதிர்காலப் போக்கு’. ஒரே வரியில் மூன்று போக்கு!

யாழ்ப்பாணத்திலிருந்து:
சொல்லுக்கு முதல் பொருளைப் பிரித்துக்கொள்ளுவம். மூன்று வேறு காரியங்கள் இதில் கலக்கின்றன. ஒரு நாடு வாங்கித் திரும்ப விற்பது மீள் ஏற்றுமதி. கொழும்புத் துறைமுகத்தில் பெருவாரியாக நடப்பது ஒரு கப்பலின் கொள்கலனை இன்னொரு கப்பலுக்கு மாற்றுவது. லாத்வியாவில் நடந்தது மூன்றாவது: அயல்நாட்டுச் சரக்கு தரைவழியாக நாட்டை ஊடறுத்துப் போவது. ‘ஊடுசெல் சரக்கு’ எண்டால் நேர்ப்பொருள் வரும். வினைத்தொகை, காலம் கரந்து நிற்கிறபடியால் சென்றதுக்கும் செல்வதுக்கும் பொருந்தும்.

தஞ்சையிலிருந்து:
வினைத்தொகை சரி. ஆனால் பழைய சொல்லாட்சியையும் பாருங்கள். பட்டினப்பாலை ‘நீரின் வந்த’ குதிரையையும் ‘காலின் வந்த’ மிளகு மூட்டையையும் பிரித்துக் காட்டுகிறது. கால் என்றால் சக்கரம்; சக்கரத்தால் வண்டி. காற்று என்று கொள்வாரும் உண்டு. காற்று என்றால் அதுவும் கப்பலாகிவிடும், நீரின் வந்ததிலிருந்து பிரித்துச் சொன்னதற்குப் பயன் இராது. எனவே வண்டியே. காலில் வந்து கலத்தில் ஏறுவதால் ‘கால்கலச் சரக்கு’ என்றுகூட ஆக்கலாம். குறளில் வரும் ‘உல்கு’ என்ற சுங்கச் சொல்லையும் இந்தச் சாக்கில் மீட்கலாம்.

திருச்சியிலிருந்து:
ரயில்வேயில் சரக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உல்கு இங்கே ஒட்டாது ஐயா. ஊடே போகிற சரக்குக்கு இறக்குமதித் தீர்வை கிடையாது. அதைத் தனியாகப் பிரிப்பதே அதற்காகத்தான்.

பாடத்தின் வாதமும் சொல்லில் தெரிய வேண்டும். ரஷ்யா உஸ்த்-லூகா, பிரிமோர்ஸ்க் என்று தன் கரையிலேயே துறைமுகங்களை வளர்த்துக்கொண்டது. 2003-இல் வென்ட்ஸ்பில்சுக்கு வந்த குழாய் எண்ணெயை நிறுத்தியது. 2022 போருக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத் தடைகள் மிச்சத்தையும் ஒடுக்கின. ஆக, அந்தச் சரக்கு லாத்வியாவின் கையில் என்றுமே இருந்ததில்லை. அனுப்புகிறவன் முகம் திருப்பினால் தண்டவாளம் காலி. அங்கே சொந்தச் சரக்கு என்றால் மரம், தானியம். அவற்றால் அந்தப் பழைய டன்களை நிரப்ப முடியாது.

இனி ரயில் பால்டிக்கா, அதாவது பால்டிக் நாடுகளைப் போலந்தோடு இணைக்கப் போடுகிற புதிய ரயில் பாதை. எஸ்தோனியத் தலைநகர் தாலினிலிருந்து போலந்து எல்லை வரை சுமார் 870 கிலோமீட்டர்; தண்டவாள இடைவெளி 1435 மில்லிமீட்டர். 2030-ஐ இலக்காகச் சொல்கிறார்கள். லாத்வியாவில் இப்போது இருக்கிற பாதைக்கு அது 1520. இரண்டும் சந்திக்கிற இடத்தில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். அதற்கு ‘மாற்றேற்றம்’ என்று தனிச்சொல் வையுங்கள். கிழக்கு மேற்காகப் போனதற்கு ஒரு சொல், தெற்கு வடக்காக வரப்போவதற்கு ஒரு சொல் என்று இருந்தால்தான் மாணவருக்கு அந்நாட்டின் நிலை பிடிபடும். ‘ட்ரான்சிட்’ என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம். சரக்குக் கொட்டகையில் எல்லோர் வாயிலும் அதுதான்.

சென்னையிலிருந்து:
‘சரக்கு’ என்றாலே வகுப்பில் பின்வரிசை சிரிக்கிறதே, ‘பண்டம்’ ஆக்கலாமா?

திருச்சியிலிருந்து:
வேண்டாம் தம்பி. சரக்கு ரயில், சரக்கு மற்றும் சேவை வரி எல்லாம் ஊன்றிவிட்டன. சிரிப்புக்குப் பயந்து சொல்லை விடக்கூடாது.

கோவையிலிருந்து:
நாளை அனுப்பியாக வேண்டும். ‘ஊடுசெல் சரக்கு’ என்று வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘ட்ரான்சிட்’. பாதை மாறும் இடத்தில் ‘மாற்றேற்றம்’. யாழ்ப்பாணம், சென்னை, திருச்சி மூவரும் ஒப்பியதாக எடுத்துக்கொள்கிறேன்.

தஞ்சையிலிருந்து:
நான் ஒப்பவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊடுசெல் என்பது பெயருக்கு முன் அடையாக மட்டும் நிற்கும். ‘ட்ரான்சிட் குறைந்தது’ என்று தனியாக எழுத நேரும்போது ‘ஊடுசெலவு’ என்பீர்களா? செலவு என்றால் இன்று பணம்தானே நினைவுக்கு வரும், அதுவும் பொருளியல் பாடத்தில். கடவு அப்படித் தடுமாறாது. இரண்டாம் பதிப்பு வரும்போது இந்த இழையைத் திறந்து பாருங்கள் அம்மா.